ஒரு சாண் உயரப் பன்றியும் அதன் புல்லும்: அசாம் குள்ளப்பன்றி மீட்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

அசாமின் மானஸ் புல்வெளியில் ஆள் மறையும் உயரத்துக்குப் புல் நிற்கும். அதற்குள் யாரோ ஒரு கூடை வைக்கோலைக் கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் சின்ன மேடு ஒன்று தென்பட்டால், அதன்மேல் கால் வைத்துவிடக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் வீடு. ஓரத்தை மெல்ல விலக்கினால், அடியில் நிலம் தொட்டிபோலப் பறிக்கப்பட்டிருக்கும். மூக்காலும் குளம்பாலும் தோண்டிய பள்ளம் அது. காய்ந்த புல்லை வாயால் கவ்விக் கொண்டுவந்து அதில் பரப்பி, பக்கத்தில் நிற்கும் புல்லையும் வளைத்து இழுத்துக் கூரை போட்டிருக்கும். இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் உள்ளே ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருப்பவை குள்ளப்பன்றிகள், உலகத்திலேயே மிகச் சிறிய பன்றிகள்.

மற்றப் பன்றிகளிலும் ஈனும் நாள் நெருங்கும்போது தாய் இப்படிப் படுக்கை போடுவதுண்டு. குள்ளப்பன்றியின் வழக்கம் வேறு. ஆணும் கட்டும், பெட்டையும் கட்டும். குட்டி போடுவதற்காக மட்டும் இல்லாமல் ஆண்டு முழுவதும் கட்டும். புல்லில் பிறந்து, புல்லில் மேய்ந்து, புல்லைப் போர்த்திக்கொண்டு தூங்கும் பிராணி இது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த இனத்துக்கு நேர்ந்த நல்லது கெட்டது எல்லாமே அந்தப் புல்லுக்கு நேர்ந்ததோடு பின்னிக் கிடக்கிறது. பன்றியைப் பெருக்கியது இந்த மீட்பின் எளிய பாதி என்பது என் முடிவு. கடினமான பாதி புல்லை நிறுத்திவைப்பது. அது இன்னும் முடியவில்லை.

பிராணியின் இயல்பு

தோள் உயரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. எடை 6 முதல் 10 கிலோவுக்குள். வால் இரண்டரை சென்டிமீட்டர்தான், இருப்பதே தெரியாது. உடம்பு முன்பக்கம் கூம்பி பின்பக்கம் உருண்டிருக்கும், புல்லைப் பிளந்துகொண்டு ஓடுவதற்கென்றே செய்ததுபோல. ஆணின் கோரைப்பல் உதட்டோரம் லேசாக வெளியே தெரியும். நாம் வயலோரத்தில் பார்க்கும் காட்டுப்பன்றியின் குட்டி வடிவம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 1847-ல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிரையன் ஹாட்ஜ்சன் இதை விவரித்தபோது தனிப் பேரினமாகவே வைத்தார். பின்னால் வந்தவர்கள் சாதாரணப் பன்றிகளின் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2007-ல் வெளியான மரபணு ஆய்வு ஹாட்ஜ்சன் சொன்னதே சரி என்று காட்டியது. ஆக, போர்க்குலா சல்வானியா என்ற இந்த ஒரே இனம்தான் அந்தப் பேரினத்துக்கு மிச்சம். இது போனால் ஒரு முழுக் கிளையே போகும்.

அசாமிய மொழியில் இதை 'நல் காஹோரி' என்பார்கள், நாணல் பன்றி என்று பொருள். போடோ மக்களின் சொல் 'ஓமா தாக்ரி'. இமயத்தின் அடிவாரத்தில், உத்தரப் பிரதேசத்திலிருந்து நேபாளம், வடவங்கம், பூட்டான் எல்லை வழியாக அசாம் வரை நீண்டுகிடந்த தராய்ப் புல்வெளிதான் இதன் பழைய நாடு. ஆறுகள் மலையிறங்கி, வெள்ளத்தில் கரை மாற்றி, வண்டல் படிய வைத்த இடங்களில் முளைத்த புல்வெளி அது.

இரண்டு மூன்று பெட்டைகளும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்தது ஒரு கூட்டம். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியாகத் திரியும், இனச்சேர்க்கைப் பருவத்தில்தான் கூட்டத்தோடு சேரும். இடம் மாறும்போது ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். முன்னால் ஒரு பெரியது, கடைசியில் ஒரு பெரியது, நடுவில் குட்டிகள். பகலில்தான் மேயும். கிழங்கு, வேர், இளந்தளிர், விழுந்த கனி, மண்புழு, பூச்சி, முட்டை, சிறு பல்லி என்று கிடைப்பதெல்லாம் உணவு. ஒரு நாளில் பல மணி நேரம் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். அந்தக் கிளறலில் மண் புரள்கிறது, காற்று புகுகிறது, விதை அடியில் இறங்குகிறது. தன் புல்வெளியைத் தானே உழுதுகொள்ளும் உயிர் என்று சொன்னால் மிகையில்லை.

சினைக்காலம் சுமார் 100 நாள். பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், மழை பிடிக்கும் முன்பு ஈனும். ஓர் ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி. பிறந்த குட்டியின் எடை 150 முதல் 200 கிராம், ஒரு டம்ளர் பாலின் கனம். முதலில் வெளிர் ரோஜாச் சாம்பலாக இருந்து, பிறகு பழுப்பில் மங்கிய மஞ்சள் கோடுகள் எழும். பழந்தமிழ் இலக்கணம் பன்றி, புலி, முயல் மூன்றின் இளசுக்கும் 'குருளை' என்ற ஒரே பெயரைச் சொல்லும். மானஸ் புல்லுக்குள் அந்த மூன்று குருளைகளுமே வளர்கின்றன. புலி அங்கே உண்டு. சொரசொரப்பான மயிர் கொண்ட அரிய முயல் ஒன்றும் அதே புல்லை நம்பியிருக்கிறது.

இதன் உடம்பில் மட்டுமே வாழும் பேன் ஒன்றும் இருக்கிறது. 1978-ல் அதற்குப் பெயரிட்டபோது, குள்ளப்பன்றியைத் தேடிப் படித்த வில்லியம் ஆலிவரின் பெயரையே வைத்தார்கள். பன்றி அழிந்தால் அந்தப் பேனும் அன்றே அழியும். பேனுக்காக யார் வருந்துவார் என்று கேட்கலாம். நான் வருந்துவேன். ஓர் உயிர் போகும்போது எத்தனை உயிர் கூடவே போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பர்னாடி: கிடைத்த இடத்திலேயே தொலைந்தது

1950, 60-களில் குள்ளப்பன்றி அற்றுப்போயிருக்கலாம் என்றே பலர் நம்பினார்கள். 1971-ல் அசாமின் வடக்கு எல்லையில் பர்னாடிக்கு அருகே புல்வெளியில் தீ பரவியது. தீக்குத் தப்பிய சில பன்றிகள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தன. தோட்டத் தொழிலாளர்கள் பிடித்து விற்பனைக்குக் கொண்டுபோனார்கள். அப்படித்தான், அழிந்ததாகக் கருதப்பட்ட இனம் உயிரோடு இருக்கும் செய்தி வெளியே வந்தது.

இதை ஒரு மகிழ்ச்சியான கண்டுபிடிப்பாகவே எங்கும் சொல்கிறார்கள். சம்பவத்தை அருகே வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பன்றிகள் வெளியே வந்ததற்குக் காரணம், ஒளிய ஓர் அடி புல்கூட எரியாமல் மிஞ்சவில்லை என்பதுதான். அவை கண்ணில் பட்டதே அவற்றின் வீடு எரிந்ததால். பின்னால் நடந்தவற்றுக்கு அன்றே அடையாளம் இருந்தது.

பிடிபட்டவற்றில் சிலவற்றைத் தோட்டங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். 70-களில் சூரிச் மிருகக்காட்சி சாலைக்கும் சில போயின. அங்கே குட்டி போட்டும் வம்சம் நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இதற்கு இடம் கிடைத்தது. 1980-ல் பர்னாடியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். குள்ளப்பன்றியையும் அந்த முரட்டு மயிர் முயலையும் காப்பதே அதன் நோக்கம். பரப்பு 26 சதுர கிலோமீட்டர் சொச்சம்.

அந்தச் சரணாலயத்திலிருந்தே குள்ளப்பன்றி காணாமல் போனது. துப்பாக்கி வைத்த வேட்டைக் கும்பல் எதுவும் வந்து சுட்டுத் தீர்க்கவில்லை. ஆண்டுதோறும் தீ, கூரைக்குப் புல் அறுப்பு, மாடுகளின் மேய்ச்சல், ஓரத்தில் பெருகிய குடியிருப்பு, 'சும்மா கிடக்கிற' புல்வெளியில் மரம் நடும் பழக்கம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. இதில் யாரையும் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓலை கிடைக்காத ஊரில் கூரைக்குப் புல் வேண்டும். பழைய புல்லை எரித்தால்தான் மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும். ஆனால் மரம் நடும் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்த பழக்கம் வெள்ளையர் காலத்தில் தொடங்கியது. நம் நீலகிரி உச்சியில் வாட்டில் மரத்தை நட்டுப் புல்லை அழித்ததும் அதே கணக்குதான். மரம் நின்றால்தான் காடு என்று நினைக்கும் கண்ணுக்குக் குள்ளப்பன்றி தெரியவே தெரியாது.

80-களின் கடைசியில் மிஞ்சியிருந்த ஒரே நம்பகமான இடம் மானஸ். அங்கும் நிலைமை குலைந்தது. போடோ பகுதியில் அரசியல் போராட்டம் சூடுபிடித்த ஆண்டுகளில் வன முகாம்கள் தாக்கப்பட்டன, காவல் சிதறியது. 1992-ல் யுனெஸ்கோ மானஸை ஆபத்தில் உள்ள உலக மரபுக்களங்களின் பட்டியலில் சேர்த்தது. 2011-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஓர் இனம் முழுவதும் ஒரே இடத்தில், அந்த இடமும் கலவரத்தில். மீட்புத் திட்டம் பிறந்த சூழல் இது.

ஆறு பன்றிகள்

ஜெர்சித் தீவில் தலைமையகம் கொண்ட டரெல் வனவிலங்கு அறக்கட்டளை, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யு.சி.என். அமைப்பின் பன்றி வல்லுநர் குழு, அசாம் வனத்துறை, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆகியவை 1995-ல் ஒப்பந்தம் செய்துகொண்டு குள்ளப்பன்றிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கின. களத்தில் நடத்தியவர்களில் கௌதம் நாராயணும் கால்நடை மருத்துவர் பராக் ஜோதி டேகாவும் முதன்மையானவர்கள்.

1996-ல் மானஸிலிருந்து இரண்டு ஆண், நான்கு பெட்டை என ஆறு பன்றிகளைப் பிடித்து, குவாஹாட்டி ஓரத்தில் பசிஸ்தாவில் இதற்கென்று கட்டிய மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டபோதே சில பெட்டைகள் சினை. அதே ஆண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டு மூன்று ஆண்டுக்குள் ஆறு என்பது பல மடங்கானது. இடம் போதாமல், பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்குப் போனது. சூரிச்சில் தோற்றது இங்கே ஏன் பலித்தது? எனக்குப் பட்ட காரணம் எளிமையானது. சொந்த மண், சொந்தத் தட்பவெப்பம், அடைப்புக்குள் கூடு கட்டப் போதுமான புல், அருகிலேயே இருந்து கவனித்த ஆட்கள்.

ஆனால் ஆறு பேரிலிருந்து பெருகிய குடும்பம் என்றால் எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே என்று அர்த்தம். யார் யாருக்குப் பிறந்தது என்று பதிவேடு வைத்து, உறவு விலகிய ஜோடிகளைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் காட்டிலிருந்து சில புதிய பன்றிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கிராமத்தில் கிடாய் மாற்றும் ஆடு வளர்ப்பவருக்கு இது சொல்லாமலே புரியும்.

மனிதனை மறக்கும் ஐந்து மாதம்

இந்த மீட்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பசிஸ்தாவில் பிறந்த பன்றிக்குத் தட்டில் தீனி வரும், ஆள் குரல் பழகியிருக்கும். அப்படியே கொண்டுபோய்க் காட்டில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. ஆகவே நாமேரி தேசியப் பூங்காவுக்கு அருகே பொட்டாசாலியில் இன்னொரு மையம் அமைத்தார்கள். அங்கே அடைப்புகளுக்குள் உண்மையான புல்வெளியையே வளர்த்தார்கள். விடப்போகும் பன்றிகளை, இரத்த உறவு குறைந்தவையாகப் பார்த்துத் தேர்ந்து, சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்த்து அதற்குள் விடுவார்கள். சுமார் ஐந்து மாதம் அங்கே இருக்கும். மனிதர் நடமாட்டம் முடிந்தவரை குறைவு. தானே கிளறித் தின்ன வேண்டும், தானே புல் அறுத்துக் கூடு கட்ட வேண்டும், சத்தம் கேட்டால் ஓடி ஒளிய வேண்டும்.

கூடு கட்டக் கற்றுக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அடைப்புக்குள் பிறந்தவையும் புல் கிடைத்ததும் பள்ளம் பறித்துக் கூரை போடத் தொடங்கிவிடும். அந்த அறிவு அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது பொருள் மட்டும்தான்.

பிறகு கொண்டுபோகும் நாள். விடப்போகும் காட்டில் புல்லுக்கு நடுவே தற்காலிக அடைப்பு போட்டு, யானை மிதித்துவிடாமல் மின்வேலி சுற்றி, இரண்டு மூன்று நாள் உள்ளே பழகவிட்டுக் கதவைத் திறப்பார்கள். யாரும் விரட்டுவதில்லை. அவையாக வெளியே போக வேண்டும். புல் ஒருமுறை அசையும். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

முதல் விடுவிப்பு 2008-ல், சோனாய் ரூபாய் சரணாலயத்தில், 16 பன்றிகள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்கே மொத்தம் 35 விட்டார்கள். 2011-லிருந்து 2015 வரை ஓராங் தேசியப் பூங்காவில் 59. 2016-லிருந்து பர்னாடியில் 22. 2020 மே மாதத்தில் மானஸில் 14. ஆக மொத்தம் 130. மானஸில் அதன் பிறகும் விடுவிப்பு தொடர்ந்தது.

எல்லா இடத்திலும் ஒரே பலன் இல்லை. ஓராங்கில் அவை விட்ட இடத்தைத் தாண்டிப் பரவின, அங்கேயே குட்டி போட்டன. காவல் இறுக்கமான சின்னப் பூங்கா அது, காண்டாமிருகத்துக்காகப் புல்லையும் கவனித்துக்கொள்கிறார்கள். சோனாய் ரூபாயில் ஆக்கிரமிப்பின் நெருக்கடி அதிகம். பர்னாடிக்குத் திரும்பியதை மட்டும் என்னால் எண்ணிக்கையாகப் பார்க்க முடியவில்லை. 1971-ல் தீக்குப் பயந்து ஓடிவந்த அதே நிலத்துக்கு, 45 ஆண்டு கழித்து, இந்த இனம் திரும்பிப் போயிருக்கிறது.

தீ வைக்கலாமா, கூடாதா

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தீதான் எதிரி என்றால் தீயை முற்றிலும் நிறுத்திவிட வேண்டியதுதானே? நிறுத்தினால் புல்வெளி நிற்காது. முட்புதர் ஏறும், பின்னால் மரம் ஏறும், சில ஆண்டுகளில் அது காடாகிவிடும். ஆற்று வெள்ளம் அவ்வப்போது நிலத்தைப் புரட்டிப் புதுப்புல்லுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறுகளைக் கட்டிப்போட்ட பிறகு அந்த வேலையும் குறைந்துவிட்டது. ஆகவே தீ வேண்டும். எப்போது, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து மழை வரும்வரை உலர்ந்த மாதங்கள். அப்போது ஒரே மூச்சில் புல்வெளி முழுவதும் எரிந்தால், பல சதுர கிலோமீட்டருக்கு மறைவு என்பதே இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் அப்படி எரிந்துவிட்டால், சினைப் பெட்டை கூடு கட்ட வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில் புல் முழங்கால் அளவுகூட எழுந்திருக்காது. அதனால்தான் திட்டத்தினர் புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஒரு பகுதியை எரிக்கும்போது அடுத்ததை விட்டுவைக்கும் முறையை வலியுறுத்துகிறார்கள். எந்த நாளிலும் ஓடி ஒளிய ஒரு துண்டு பழைய புல் நிற்க வேண்டும்.

கேட்க எளிது. நடைமுறையில், ஓரக் கிராமத்திலிருந்து ஒரு தீக்குச்சி போதும், ஆண்டு முழுவதும் போட்ட கணக்கு ஒரு மதியத்தில் சாம்பலாகும். வனத்துறையிலும் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் இளம்புல் வர வேண்டும் என்று அகலமாகத் தீ வைக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. பெரிய மிருகம் எரிந்த புல்வெளியைத் தாண்டி நடந்து போய்விடும். ஒரு சாண் உயரப் பன்றி எங்கே போகும்? புல்வெளி கெட்டுப்போனதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்தப் பிராணிதான். காண்டாமிருகம் நிற்கும் இடத்தில் குள்ளப்பன்றி இல்லாமல் போகலாம். குள்ளப்பன்றி பெருகும் இடத்தில் புல்லை நம்பி வாழும் மற்றவையும் நன்றாகவே இருக்கும்.

2020-ல் வந்த நோய்

மானஸில் முதல் 14 பன்றிகளை விட்ட அதே மே மாதத்தில்தான் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. இந்தியாவில் அந்த நோய் தலைகாட்டியது அதுவே முதல் தடவை. வீட்டுப் பன்றிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அசாமில் பன்றி வளர்ப்பு ஏழைக் குடும்பங்களின் சேமிப்பு, அந்த இழப்பின் வலி தனி. வைரஸ் செருப்பில் வரும், வண்டிச் சக்கரத்தில் வரும், இறைச்சித் துண்டில் வரும், மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மையங்களுக்குள் நுழைய கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்தாக வேண்டும், வெளியாள் வரவு நிறுத்தம், தீவனம் வரும் வழிக்கும் கட்டுப்பாடு என்று வாசலை இறுக்கினார்கள்.

அடைப்புக்குள் இருப்பவற்றுக்கு வாசல் உண்டு. காட்டில் விட்டவற்றுக்கு அது கிடையாது. செத்த வீட்டுப் பன்றியை ஆற்றில் தள்ளினால் அது கீழே பூங்காவோரம் ஒதுங்கும், அதைக் காட்டுப்பன்றி மோந்து பார்க்கும், அதே சேற்றில் குள்ளப்பன்றியும் கிளறும். காட்டில் வளர்ந்த நிலையில் மொத்தமே 250-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படும் இனத்துக்கு இது சாதாரண அச்சம் இல்லை. பன்றிகளை ஒரே இடத்தில் வைக்காமல் நான்கு காடுகளில் பிரித்து விட்டிருப்பதன் அருமை இந்த நோய்க்குப் பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

எண்ணுவது எப்படி

ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் மிக மோசமான படியில் இருந்த குள்ளப்பன்றி இப்போது ஆபத்து ஒரு படி குறைந்து, அருகிய இனம் என்ற நிலையில் இருக்கிறது. இந்த முன்னேற்றத்தைக் களத்தில் சரிபார்ப்பது பெரும்பாடு. தலையும் கழுத்தும் ஒரே கூம்பாக இருப்பதால் ரேடியோ பட்டை கட்டினால் நழுவிவிடும். நேரில் பார்ப்பது பல ஆண்டு வேலை செய்தவர்களுக்கே அரிது. ஆகவே தானியங்கிக் கேமராக்கள், கிளறிய மண், எச்சம், குளம்புத் தடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடு, இவற்றை வைத்துத்தான் கணக்கு.

குளம்புத் தடத்தில் ஒரு குழப்பம் வரும். காட்டுப்பன்றிக் குட்டியின் தடமும் ஏறக்குறைய இதே அளவு. குட்டியின் தடத்துக்குப் பக்கத்தில் எங்காவது தாயின் பெரிய குளம்பு ஈர மண்ணில் பதிந்திருக்கும். எத்தனை அடி நடந்து தேடியும் பெரிய தடம் தென்படாமல், சின்னத் தடங்களே வரிசையாகப் புல்லுக்குள் போனால், களப்பணியாளர் அங்கே உட்கார்ந்து பழைய புல்லை விலக்கிக் கூடு தேடத் தொடங்குவார்.